கு க்ளக்ஸ் க்ளான்: முகமூடியும் கல்லாப்பெட்டியும்

அமெரிக்காவின் வெள்ளை இனவெறி அமைப்பான க்ளான், மூன்று முறை உருவாகி மூன்று முறை சிதைந்த கூட்டம். ஒவ்வொரு முறையும் அதைச் சாய்த்தது எது என்று வழக்குப் பதிவுகளில் தேடினால் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முகமூடி கழன்றது, பணம் நின்றது.

முதல் க்ளானை 1865 இறுதியில் டென்னசி மாநிலம் புலாஸ்கியில், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்படையின் முன்னாள் அதிகாரிகள் ஆறு பேர் தொடங்கினார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான கறுப்பின மக்களை வாக்களிக்க விடாமல் தடுப்பதே விரைவில் அதன் வேலையானது. இரவில் வீடு புகுவார்கள், சாட்டையால் அடிப்பார்கள், தீ வைப்பார்கள், கொல்வார்கள். உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரீஃப் கண்டுகொள்ள மாட்டார். வழக்கு வந்தாலும் ஜூரி விடுவித்துவிடும். அதனால்தான் 1871 ஏப்ரலில் வந்த க்ளான் சட்டம், இந்த வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. மாறுவேடமிட்டுச் சாலையில் இறங்கி ஒருவரின் உரிமையைப் பறிப்பதையே அது குறிப்பிட்டுச் சொல்கிறது. அக்டோபரில் அதிபர் கிராண்ட், தென் கரோலினாவின் 9 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பகுதிகளில்) ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்ய வைத்தார். சட்டத்தின் ஒரு குற்றவியல் பிரிவை 1883இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இழப்பீடு கேட்கும் உரிமையியல் பிரிவுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இரண்டாம் க்ளான் 1915இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் பிறந்தது. எரியும் சிலுவை அப்போதுதான் வந்தது. முதல் க்ளானுக்கு அந்த வழக்கமே இல்லை. ஐந்து ஆண்டுகள் சில ஆயிரம் பேரோடு கிடந்த அமைப்பை, 1920இல் எட்வர்ட் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரண்டு விளம்பரத் தொழில்காரர்கள் வியாபாரமாக்கினார்கள். உறுப்பினர் கட்டணம் 10 டாலர். ஆள் பிடித்தவருக்கு அதில் 4 டாலர் கமிஷன், மிச்சம் மேல்மட்டத்தில் பங்கு போனது. அங்கிக்குத் தனிக் காசு. கறுப்பினத்தவரோடு கத்தோலிக்கர், யூதர், குடியேறிகள் எல்லோரும் எதிரிகள் ஆனார்கள், ஏனெனில் வடமாநிலங்களில் அதுதான் விலைபோனது. பிக்னிக், தேவாலயத்துக்கு நன்கொடை, ஊர்வலம் என்று பகிரங்கமாகவே இயங்கினார்கள். 1925 ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டன் வீதியில் சுமார் 30,000 பேர் முகம் மறைக்காமல் அணிவகுத்தார்கள். இந்தக் கூட்டத்தின் சரித்திரத்தில் நம்மை மிகவும் கலங்கவைப்பது அந்த நாள்தான்: மறைய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் இண்டியானா மாநில க்ளான் தலைவர் ஸ்டீவன்சன் ஒரு இளம்பெண்ணின் சாவுக்காகக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பெண்களின் மானம் காப்போம் என்று மேடை போட்டவர் அவர். உறுப்பினர்கள் கொத்துக்கொத்தாக விலகினார்கள். உறுப்பினர் பட்டியலை அரசிடம் கொடுக்க வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை 1928இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கடைசி அடியாக, 1944இல் வரித்துறை 6,85,000 டாலர் பாக்கி கேட்டதும் தலைமை அமைப்பு கலைந்தது.

மூன்றாம் அலை 1950, 60களில் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டு நடத்திய போராட்டத்துக்கு எதிராக எழுந்தது. 1963 செப்டம்பர் 15இல் பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். கடைசிக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 2002இல்.

அடியாளைச் சிறைக்கு அனுப்பினால் அமைப்பு வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். 1981இல் அலபாமாவின் மொபீல் நகரில் 19 வயது மைக்கேல் டொனால்டைக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட வழக்கு இதை மாற்றியது. அவருடைய தாய் பியூலா மே டொனால்ட், கொலையாளிகளோடு நிற்காமல் யுனைடெட் க்ளான்ஸ் அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தார். உத்தரவு மேலிருந்து கீழே பாயும் கட்டமைப்பு, வன்முறையைத் தூண்டும் படம் போட்ட அமைப்பின் சொந்தப் பத்திரிகை, பழைய தாக்குதல்கள் ஆகியவை சாட்சியமாயின. 1987இல் முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி 70 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அமைப்பிடம் அவ்வளவு பணம் இல்லை. டஸ்கலூசாவில் இருந்த தலைமையகக் கட்டடம் அந்தத் தாயின் பெயருக்கு மாறி, சுமார் 52,000 டாலருக்கு விற்கப்பட்டது. அந்த அமைப்பு அத்தோடு முடிந்தது.

பேச்சை மட்டும் காரணம் காட்டித் தடைகோருவது அமெரிக்காவில் பெரும்பாலும் தோற்கும். உடனடி வன்முறையைத் தூண்டி, அது நடக்கக்கூடியதாகவும் இருந்தால்தான் தண்டிக்கலாம் என்ற 1969 தீர்ப்பே ஒரு க்ளான் தலைவரின் வழக்கில் வந்தது. மிரட்டும் நோக்கத்தோடு சிலுவை எரிப்பதைத் தடை செய்யலாம் என்று 2003இல் நீதிமன்றம் கோடு கிழித்தது. மிசௌரியில் நெடுஞ்சாலையைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் சேரவும் க்ளான் நீதிமன்றம் போய் ஜெயித்தது. மாநிலம் அந்தப் பகுதிக்கு, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் பெயரைச் சூட்டியது. கடைசியில் குப்பை பொறுக்க யாரும் வராததால் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இன்று க்ளான் என்பது சிதறிய சிறு குழுக்கள். 2019 மே மாதம் ஓஹையோவின் டேட்டனில் நடந்த க்ளான் கூட்டத்துக்கு வந்தவர்கள் 9 பேர். பாதுகாப்புக்கு நகரம் செலவிட்டது சுமார் 6,50,000 டாலர். செய்தியும் செலவும் உண்டாக்குவதே இப்போது அவர்கள் உத்தி. இரவில் க்ளான் பிரசாரக் காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கனத்துக்கு மிட்டாயோ கூழாங்கல்லோ வைத்து வீட்டு வாசல்களில் எறிவதும் அதில் சேரும். அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் வாசலில் அப்படி ஒன்று கிடந்தால், கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். கையுறையோடு எடுத்துப் பையைப் பிரிக்காமல் காகித உறையில் வையுங்கள். தேதி, நேரம் குறியுங்கள். வாசல் கேமரா பதிவு தானாக அழிவதற்குள் பிரதி எடுங்கள். குற்றம் இல்லை என்று போலீஸ் சொன்னாலும் புகார் எண் கேட்டு வாங்குங்கள், எஃப்.பி.ஐ.க்கும் தெரிவியுங்கள். காகிதத்தைச் சமூக ஊடகத்தில் முழுதாகப் பகிராதீர்கள்; அதில் இருக்கும் தொடர்பு எண்ணுக்கு அதுவே இலவச விளம்பரம்.