ஐஸை விடக் குளிர்ந்த ஜின்

விடுமுறைக்கு வீட்டிலேயே காக்டெய்ல் கலந்த வாசகர் ஒருவர், கையில் சமையல் தெர்மாமீட்டரோடு கேட்கிறார்: "ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் 0 டிகிரி. ஆனால் குலுக்கி முடித்த ஜின் கலவை மைனஸ் 4 காட்டுகிறது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. 0 டிகிரி ஐஸ், 25 டிகிரி ஜின் இரண்டையும் சேர்த்தால் இரண்டையும் விடக் குளிர்ந்த ஒன்று கிடைக்கும். எனக்கு இது இன்றைக்கும் வித்தை காட்டுவது போலத்தான் இருக்கிறது.

முதலில் செய்முறை, சுருக்கமாக. ஜின் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 25, மாதுளைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 15. ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான மூடி போட்ட ஜாடி போதும். முக்கால் பங்கு ஐஸை நிரப்பி, பதினைந்து விநாடி நன்றாகக் குலுக்கி, வடிகட்டுங்கள். சோடா சேர்ப்பதானால் கடைசியில், கோப்பையில் மட்டும். உள்ளே ஊற்றிக் குலுக்கினால் மூடி பறக்கும்.

சரி, வித்தைக்கு வருவோம். உருகும் ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஐஸிலிருந்து நீர் மூலக்கூறுகள் பிய்த்துக்கொண்டு நீருக்குள் போகின்றன. நீரிலிருந்து வேறு சில வந்து ஐஸில் ஒட்டிக்கொள்கின்றன. 0 டிகிரியில் போவதும் வருவதும் சரிக்குச் சரி.

இப்போது ஜினை ஊற்றுங்கள். ஐஸின் வாசலில் முண்டியடிக்கும் கூட்டத்தில் ஆல்கஹால் மூலக்கூறுகளும் புகுந்துவிடுகின்றன. ஐஸின் படிக அடுக்குக்குள் அவற்றுக்கு இடமில்லை. மோதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவை வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால் ஐஸுக்குத் திரும்பும் நீர் மூலக்கூறுகள் குறைகின்றன. வெளியேறும் கூட்டமோ முன்பு போலவே வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஆக, ஐஸ் உருகியே தீர வேண்டும்.

உருகுவது சும்மா நடக்காது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்: ஒரு கிராம் ஐஸுக்கு 334 ஜூல். அந்தப் பதினைந்து விநாடியில் உங்கள் கைச்சூடு எந்த மூலைக்கு? பக்கத்தில் இருக்கும் ஜினிடமும் மிச்ச ஐஸிடமும்தான் பிடுங்கியாக வேண்டும். அதனால் இரண்டும் சேர்ந்தே 0-க்குக் கீழே இறங்குகின்றன. ஆம், ஐஸும்தான். குளிரக் குளிர, பிய்த்துக்கொண்டு போகும் வேகம் மந்தமாகிறது. கடைசியில் போவதும் வருவதும் மறுபடி சமமாகும் ஒரு புள்ளியை நெருங்கி நிற்கிறது. வாசகரின் மைனஸ் 4 அதுதான்.

சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் சோம்பேறி. இங்கே எடை முக்கியமில்லை, தலை எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு சர்க்கரை மூலக்கூறு ஆல்கஹால் மூலக்கூறைப் போல ஏழு மடங்குக்கு மேல் கனமானது. எனவே ஒரு கிராம் ஆல்கஹாலில் உள்ள தலைகள், ஒரு கிராம் சர்க்கரையில் உள்ளதைப் போல ஏழு மடங்கு. ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவுகோலின் பூஜ்ஜியத்தைக் குறித்ததும் இதே தந்திரத்தால்தான். அவர் ஐஸிலும் நீரிலும் கலந்தது நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) என்ற உப்பு.

அடுத்து, "ஐஸ் கரைந்து தண்ணீராகிவிடுமே" என்ற புலம்பல். நம் 130 கிராம் கலவை 25-லிருந்து மைனஸ் 4-க்கு இறங்க, கிராமுக்கு டிகிரிக்குச் சுமார் 4 ஜூல் என்று வைத்தால், 15,000 ஜூல் வெளியேற வேண்டும். 334-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 கிராம் ஐஸ். அவ்வளவும் உள்ளே தண்ணீராகச் சேரும். ஃப்ரீசரிலிருந்து நேராக, மைனஸ் 18-இல் எடுத்த ஐஸ் என்றால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அது 0-க்கு ஏறும்வரை உறிஞ்சுவது கிராமுக்கு 38 ஜூல்தான். பெரிய வேலை உருகுவதில் இருக்கிறது. தண்ணீரே சேராமல் குளிர வைப்பதாகச் சொல்லி விற்கும் கல் கட்டிகளை நான் வாங்க மாட்டேன். கல் உருகாதே! தவிர, அந்த 45 கிராம் சேர்ந்தால்தான் ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு வந்து, தொண்டையைச் சுடாமல் இறங்கும்.

குலுக்கினால் ஜினுக்குக் 'காயம்' படும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. குலுக்கியதும் கலங்குவது காற்றுக் குமிழிகளாலும் ஐஸ் துணுக்குகளாலும். சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பழச்சாறு சேர்த்ததில் அதுவும் தெரியாது. 1999 டிசம்பரில் கனடா ஆய்வாளர்கள், கரண்டியால் கலக்கிய மார்ட்டினியை (ஒரு ஜின் காக்டெய்ல்) விடக் குலுக்கிய மார்ட்டினி, உடம்பின் செல்களைச் சேதப்படுத்தக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடை நன்றாகச் சிதைக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கிறிஸ்துமஸ் இதழின் குறும்பு. அதை வைத்துக் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். ஆனால் இப்படிப்பட்ட கேள்விக்கும் ஓர் ஆய்வகத்தில் கொஞ்சம் பணமும் நேரமும் இருப்பதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். என்ன பயன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் நிதி என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இரண்டு உலோக டம்ளர்களை எடுங்கள். ஒன்றில் குழந்தைகளுக்கான வெறும் மாதுளைச் சாறும் ஐஸும், மற்றதில் ஜின் கலவையும் அதே ஐஸும். இரண்டையும் கரண்டியால் ஒரே மாதிரி கலக்குங்கள். சாறு மைனஸ் 1 பக்கத்தில் நின்றுவிடும்; அதன் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கும். ஜின் டம்ளரின் மேல் வெள்ளையாக ஒரு படலம் பூக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: உறைபனி.