பிரிட்டனில் பார்ட் டைம் வேலை: அந்த 20 மணி நேரத்தை எப்படி எண்ணுவது?

ஸ்டூடண்ட் விசாவில் பிரிட்டன் போகிற எல்லோருக்கும் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று தெரியும். அதை எண்ணும் விதம் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும்தான் 20. அதற்குக் கீழான படிப்பு என்றால் 10. உங்களுக்கு எது என்பது இ-விசாவிலேயே (இணையத்தில் இருக்கும் உங்கள் விசா பதிவு) இருக்கும்.

வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் 10 மணி நேரம்தானே பார்த்தோம், இந்த வாரம் 30 பார்த்து ஈடுகட்டலாம் என்றால் நடக்காது. சராசரிக் கணக்கே கிடையாது. கடையில் 12, ஹோட்டலில் 8 என்றால் இரண்டும் சேர்ந்துதான் 20. சம்பளமில்லாமல் பார்த்த வேலையும் அதில் சேரும். "கையில காசா வாங்கிக்கோ தம்பி, கணக்குல வராது" என்பார்கள். வரும். பிடிபட்டால் போவது உங்கள் விசா.

விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம். இங்கேதான் பெரிய குழி. செப்டம்பரில் ஒரு வருட எம்.எஸ்சி. சேர்ந்தவர்களுக்குப் பொதுவாகக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் லீவுதான் விடுமுறை. கோடையில் வகுப்பு இருக்காது, வளாகமே வெறிச்சோடிக் கிடக்கும். ஆனாலும் டிசர்ட்டேஷன் (ஆய்வேடு) எழுதும் அந்த மாதங்களும் டெர்ம், அதாவது படிப்புக் காலம்தான், 20 மணி நேரம்தான். பி.எச்டி. மாணவர்களுக்கு முறைப்படி எடுத்த லீவு நாட்கள் தவிர வருடம் முழுக்க டெர்ம். நண்பன் இளநிலை படிக்கிறான், கோடையில் 40 மணி நேரம் பார்க்கிறான் என்று அவனைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். பல்கலைக்கழகத்திடம் டெர்ம் தேதிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரும் அதைக் கேட்பார். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஒரு ஆளுக்கு 60,000 பவுண்ட் வரை அவருக்கு அபராதம் வரலாம்.

சுயதொழில் அறவே கூடாது. ஆப் வழியாகச் சாப்பாடு டெலிவரி செய்வது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும். இன்னொருவர் அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். யூடியூப் சேனலில் காசு பார்ப்பதும் இதே சிக்கல்தான்.

வேலை கிடைத்ததும் அரசு இணையதளத்தில் ஷேர் கோட் (உங்களுக்கு வேலை பார்க்கும் உரிமை உண்டா என்று சரிபார்க்க உதவும் குறியீடு) எடுத்து வேலை கொடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்; 90 நாள் செல்லும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வரி, சமூகப் பாதுகாப்புக் கணக்குக்கான எண்) வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

21 வயதுக்கும் அதற்கு மேலும் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்ட், 18 முதல் 20 வயதுக்கு 10.85. 12.71 கணக்கில் வாரம் 20 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 254 பவுண்ட் வரும். சம்பளத்தோடு லீவும் உண்டு, அதைப் பலர் கேட்பதேயில்லை. ஆண்டுக்கு 12,570 பவுண்ட் வரை வருமான வரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை வழக்கமாக முதல் வேலையில்தான் கழியும். இரண்டாவது வேலையின் பே ஸ்லிப்பில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடித்திருப்பார்கள். மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.