சொல் விளக்கம்: கரிமத் தடம்

ஆங்கிலத்தில் ‘கார்பன் ஃபுட்பிரிண்ட்’ என வழங்கும் தொடரைத் தமிழில் கார்பன் தடம், கரிமத் தடம், கரியமிலத் தடம் என்று பலவாறு எழுதுகிறார்கள். ஒருவருடைய அல்லது ஒரு நிறுவனத்தினுடைய செயல்களால் நேரடியாகவும் மறைமுகமாகவும் காற்றில் கலக்கும் பசுங்குடில் வாயுக்களின், அதாவது வெப்பத்தைத் தேக்கிப் புவியைச் சூடாக்கும் வாயுக்களின், மொத்த அளவே இதன் பொருள். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவையும் வெப்பமூட்டும் திறனுக்கேற்பக் கார்பன் டை ஆக்சைடின் எடையாக மாற்றிச் சேர்க்கப்படுவதால், ஒரே வாயுவைச் சுட்டும் ‘கரியமிலத் தடம்’ பொருந்தாது. ‘கார்பன் தடயம்’ என்பதும் பிழையே; தடயம் குற்றப் புலனாய்வில் துப்பைக் குறிக்கும் சொல்.

கார்பன் என்பதன் மூலமான ‘கார்போ’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கரி என்று பொருள். தமிழ்க் ‘கரி’யோடு ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு இரண்டையும் உறவாக்கிவிடக் கூடாது. இலங்கைப் பாடநூல்கள் ‘காபன்’ என்றே எழுதும்.

‘ஃபுட்பிரிண்ட்’ இத்துறைக்குள் வந்த வரலாறு சுவையானது. கனடாவில் வில்லியம் ரீஸ் என்னும் ஆய்வாளர் 1992இல் எழுதிய கட்டுரையும், அவரும் அவர் மாணவர் மாத்திஸ் வாக்கர்நேகலும் தொடர்ந்து செய்த ஆய்வும் ‘சூழலியல் தடம்’ என்ற கருத்தைப் பரப்பின. மனிதரின் நுகர்வுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதே அதன் கணக்கு. பரப்பை அளப்பதால் பாதச்சுவடு என்னும் உருவகம் அங்கே இயல்பாகப் பொருந்தியது. கரிமத் தடமோ எடையால் அளக்கப்படுகிறது. உருவகம் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2000களின் நடுவில் பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம், தனிமனிதர் தம் தடத்தைத் தாமே கணக்கிடும் கருவியையும் விளம்பரங்களையும் வெளியிட்டு இத்தொடரை ஊரறியச் செய்தது. எண்ணெய் விற்பவரே எரிப்பவரின் காலடியை எண்ணச் சொன்னதைப் பலர் குறைகூறியது வியப்பன்று.

தமிழ்ச் சொல் இங்கே நமக்கு ஓர் உதவி செய்கிறது. தடம் என்பது பதிந்த சுவடு மட்டுமன்று, செல்லும் வழியும் ஆகும். வழித்தடம், பேருந்தின் தட எண் என்பன அன்றாட வழக்கு. பணியாளரின் கரிமத் தடத்தில் அலுவலகம் குறைக்கக்கூடிய பங்கும் பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் நாளுக்கு 30 கி.மீ. தனியே போய்வருபவர், மாதம் 22 வேலைநாளில் சுமார் 100 கிலோ வெளியிடுகிறார். ‘மிதிவண்டியில் வாருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதைவிட, நிறுவனமே பேருந்து விடுவதும், ரயில் நிலையத்திலிருந்து இணைப்பு வண்டி அமர்த்துவதும், பயணச்சீட்டுக் கட்டணத்தில் பங்கேற்பதும் இக்கணக்கை மாற்றும். வாரம் ஐந்து நாளில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணியாற்ற விட்டால் பயணப் பங்கு ஐந்தில் இரண்டு குறையும். ஆனால் வீட்டில் அவர் ஒருவருக்காகவே குளிர்சாதனம் ஓடினால், அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

உலகளவில் நிறுவனங்கள் பின்பற்றும் பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறையில், பணியாளர் வேலைக்கு வந்துபோகும் பயணம் நிறுவனத்தின் மறைமுக வெளியீடுகளில் தனி வகையாகவே இடம்பெறுகிறது. அதே பெட்ரோல் பணியாளர், நிறுவனம் ஆகிய இருவர் ஏட்டிலும் பதிவாவதால், நிறுவன அறிக்கைகளைத் தமிழில் எழுதுவோர் இப்பகுதிக்குத் ‘தனிநபர் கரிமத் தடம்’ என்று தலைப்பிடாமல் ‘பணிப்பயணக் கரிமத் தடம்’ என்று எழுதுவதே துல்லியம்.