இணைக்கப்படாத ‘பின்’ (pin) பூஜ்ஜியம் அல்ல

டிஜிட்டல் ஆய்வகத்தில் இந்தப் பருவமும் அதே பழுது வந்ததால்தான் இதை எழுதுகிறேன். துகள்களை வைத்துச் சுற்றுகள் கட்டக்கூடிய ‘பவுடர் டாய்’ என்ற கணினி விளையாட்டில் நான்கு பிட் கூட்டியைப் (இரண்டு நான்கு-இலக்க இரும எண்களைக் கூட்டும் சுற்று) பிழையின்றி அமைத்திருந்த மாணவர், அதையே 74ஹெச்சி283 என்ற கூட்டி ஐ.சி.யை (சில்லை) கொண்டு, கம்பிகளைச் செருகிச் சுற்றமைக்கும் பலகையான பிரெட்போர்டில் கட்டியபோது, 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 8 வந்தது. கையை அருகே கொண்டுபோனால் 9 ஆனது. அவர் ஐ.சி.யைக் குறை சொன்னார். ஆனால் கேரி-இன் பின், அதாவது முந்தைய இலக்கத்திலிருந்து மிகுதியாக வரும் 1-ஐ ஏற்றுக் கூட்டும் உள்ளீடு, எதனோடும் இணைக்கப்படவே இல்லை.

அந்த விளையாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பி-வகை சிலிக்கானிலிருந்து என்.டி.சி.டி. (அந்த விளையாட்டில் சூடானால் மட்டும் கடத்தும் பொருள்) வழியாக என்-வகை சிலிக்கானுக்குப் பாதை அமைத்து, உலோகக் கம்பியில் வரும் ஸ்பார்க்கால் அந்த என்.டி.சி.டி.யை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டுமே 1 தரும் ஆண்ட் கேட்டை உருவாக்கும் பிள்ளைக்குத் தர்க்கம் நன்றாகவே புரிந்திருக்கிறது. ஆனால் அங்கே ஸ்பார்க் என்பது நான்கு ஃபிரேம் நீடிக்கும் ஒரு துடிப்பு. அது வராவிட்டால் கம்பி பூஜ்ஜியம், அவ்வளவுதான். அங்கே மின்னழுத்தம் இல்லை, கிரவுண்டு (0 வோல்ட் என்று வைத்துக்கொள்ளும் பொது முனை) இல்லை, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையும் இல்லை.

உண்மையான சிமாஸ் சில்லில் (74ஹெச்சி283 இந்த வகைதான்) ‘ஒன்றும் வரவில்லை’ என்ற நிலையே கிடையாது. 0 என்பதும் யாராவது கொடுக்க வேண்டிய ஒரு மின்னழுத்தம். உள்ளீட்டு முனை ஆக்சைடு படலத்தால் காப்பிடப்பட்டிருப்பதால் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது. ஆகவே எங்கிருந்தோ வந்த சிறு மின்னூட்டமும், அறையிலுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலும், உங்கள் விரலும்கூட அதன் மதிப்பைத் தீர்மானித்துவிடும். அந்த மின்னழுத்தம் 0-க்கும் 1-க்கும் நடுவாந்தரத்தில் நின்றுவிட்டால் உள்ளேயிருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரக் கடத்தி, சில்லு வீணாகச் சூடேறும். சிமாஸ் அல்லாத பழைய 74எல்எஸ் வகைச் சில்லுகளிலோ வெறும் பின் பெரும்பாலும் 1 என்றே படிக்கப்படும். எந்த வகையை எடுத்தாலும், வெறுமையைப் பூஜ்ஜியமென்று நம்ப இடமில்லை.

ஆகவே, ஒவ்வோர் உள்ளீட்டையும் ஏதாவது ஒன்றோடு இணையுங்கள். ஒரு சில்லில் நான்கு கேட்கள் இருந்து இரண்டை மட்டும் பயன்படுத்தினாலும், மீதி இரண்டின் உள்ளீடுகளைக் கிரவுண்டில் சேருங்கள்; வெளியீடுகளை மட்டும் தொடாமல் விடுங்கள். சுவிட்சு திறந்திருந்தால் அந்தப் பின்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறீர்கள். அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை போடுங்கள். (74எல்எஸ் வகைக்கு இந்த மதிப்பு உதவாது, அதில் மின்தடையை 5 வோல்ட்டுக்கும் சுவிட்சைக் கிரவுண்டுக்கும் மாற்றிப் போடுவதே சரி.) இரண்டு மின்வழங்கிகளைப் பயன்படுத்தினால் அவற்றின் கிரவுண்டுகளை முதலில் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு சில்லின் மின்வழங்கல் பின்களுக்கு அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கட்டும்.

விளையாட்டில் கட்டுவதை நிறுத்தாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். பிரெட்போர்டைத் தொடுவதற்கு முன் மட்டும், சில்லின் எல்லாப் பின்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எங்கே போகிறதென்று எதிரே குறித்துவாருங்கள். எதிரே ஒன்றும் எழுதப்படாத உள்ளீடு இருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள்.