பெற்றோல் தாங்கிக்குள் பதுங்கியிருக்கும் உப்பு

“பழைய ஹொண்டா சிடி 90 ஒன்றைத் திருத்துகிறேன். தாங்கிக்குள் வினாகிரி ஊற்றி, நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கறளை எடுத்தேன். பளபளவென்று வந்தது. ஒரு மாதத்தில் காபரேற்றருக்குள் திரும்பவும் செந்தூள். ஏன்?” திருகோணமலை நிலாவெளி வாசகர் ஒருவரின் கேள்வி இது.

இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள். இது சாதாரண தரத்திலேயே படித்ததுதான். திருகோணமலையில் நான்காவதாக ஒன்றும் சேர்கிறது: கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைட்டு.

இரும்பு கரையும்போது நேரேற்றமுள்ள அயனாகிறது. அந்த ஏற்றத்தைச் சமன்செய்ய, மறையேற்றமுள்ள குளோரைட்டு கறளின் நுண்துளைகள் வழியே, அதற்கு அடியில் இரும்பு அரித்த குழியின் அடிவரை இறங்கிவிடும். அங்கே உருவாகும் இரும்புக் குளோரைட்டு நீருடன் தாக்கமுற்று அமிலத்தைத் தருகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு இன்னும் குளோரைட்டை இழுக்கிறது. இத்தனை நடந்தும் குளோரைட்டு செலவாவதில்லை. முதல் குறையாமல் வட்டி மட்டும் வாங்கும் கடன்காரன் அது. போதாததற்கு, இரும்புக் குளோரைட்டு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். வினாகிரி மேலே உள்ள கறளைக் கரைத்தது. குழியின் அடியில் இருந்த உப்பு அங்கேயே இருந்தது.

அதை வெளியே துரத்த நல்ல வழி மின்பகுப்பு: தாங்கிக்குள் சோடாக் கரைசல் நிரப்பி, நடுவில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்துவது. தாங்கியை மறைமுனையாக்கினால் இரும்பு அயனாகிக் கரைவது நின்றுபோகும், குளோரைட்டுக்கு அங்கே வேலை இல்லை. மறையேற்றமுள்ள சுவர் மறையேற்றமுள்ள குளோரைட்டை விலக்க, நடுவிலுள்ள நேர்முனைக் கம்பி இழுக்கிறது. சுவரோரம் நீர் உடைந்து ஐதரொட்சைட்டு உண்டாகி, கறளின் பளிங்குக்குள் சிறைப்பட்ட குளோரைட்டின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. சிவப்புக் கறள் மக்னற்றைற்று எனும் கறுப்பு இரும்பு ஒட்சைட்டாக மாறிப் பிடிமானம் இழக்கும். ஐதரசன் குமிழிகள் அதைக் கிளப்பி விழுத்தும். இத்தனையையும் செய்வது ஒரு பற்றரி சார்ஜர்!

முதலில் தாங்கியைக் காலிசெய்து, பாத்திரம் கழுவும் திரவமும் சுடுநீரும் விட்டுப் பெற்றோல் மணம் அறவே போகும்வரை கழுவுங்கள். பெற்றோல் குழாயைக் கழற்றி அந்தத் துளையை இறப்பர் அடைப்பானால் மூடுங்கள். லிட்டர் நீருக்கு 5 கிராம் சலவைச் சோடா, அதாவது 8 லிட்டருக்கு 40 கிராம், கரைத்துத் தாங்கியை நிரப்புங்கள். கிடைக்காவிட்டால் அப்பச் சோடாவை 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வறுத்தால் அதுவே சலவைச் சோடா. கடற்கரைக் கிணற்று நீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும், மழைநீர் நல்லது. கறியுப்பு போட்டால் குளோரீன் வாயு வரும், எடுக்க வந்த குளோரைட்டையும் நாமே ஊற்றியதாகும்.

10 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுக் கம்பி ஒன்றை, தாங்கியில் எங்கும் முட்டாதபடி, துளையிட்ட பிளாஸ்ரிக் மூடியில் தொங்கவிடுங்கள். வாயு வெளியேற மூடியில் இன்னொரு துளையும் தேவை. எவர்சில்வர் கம்பி கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். சிவப்புக் கிளிப் கம்பிக்கு, கறுப்பு தாங்கிக்கு. மாற்றிக் கொடுத்தால் கரைவது தாங்கி. 12 வோல்ற்றில் 2 முதல் 4 அம்பியர் போதும். புதிய தானியங்கிச் சார்ஜர்கள் பற்றரியைக் காணாமல் இயங்க மறுக்கும், பழையதே உதவும்.

3 அம்பியரில் 12 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 16 லிட்டர் ஐதரசன் வரும். ஆகவே வேலை திறந்த வெளியில். கிளிப்பைத் தொடுமுன் சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். சில மணிக்கொருமுறை கம்பியை எடுத்துச் சுரண்டாவிட்டால் மின்னோட்டம் விழுந்துவிடும். கம்பிக்கு நேர்முகமான சுவர்தான் முதலில் சுத்தமாகும்; மூலைகளுக்காகக் கம்பியை வளைத்து இடம் மாற்ற வேண்டும். அலுமினியப் பாகங்களை இந்தக் கரைசலில் போடவே கூடாது, கரைந்துபோகும்.

 

12 மணி நேரத்துக்குப் பிறகு கரைசலை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க, உயர்தர இரசாயனம் படிக்கும் பிள்ளை ஒருவர் போதும்: கடைசிக் கரைசலில் நைத்திரிக்கமிலம் விட்டு நுரை அடங்கியபின் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி. வெண்படிவு வந்தால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது. கடலடியிலிருந்து எடுக்கும் இரும்புப் பீரங்கிகளையும் இதே முறையில், மாதக்கணக்காக, உப்பகற்றுகிறார்கள். 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சைக் கண்ட இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தில், கடலடி இரும்பை உப்பகற்றும் ஆய்வுகூடம் ஒன்றுக்குக் காசு ஒதுக்குவது வீண்செலவல்ல என்பது என் கட்சி.

கரைசலை வெளியே ஊற்றியதும் அவசரப்பட வேண்டும். ஈர இரும்பு நிமிடங்களில் சிவக்கும். மழைநீரால் அலசி, மெதிலேற்றட் ஸ்பிரிட் விட்டுச் சுழற்றி ஊற்றி, அதன் ஆவி முழுதும் போனபின் சுடுகாற்றால் உலர்த்தி, உடனே ரூ-ஸ்ரோக் எண்ணெய் கலந்த பெற்றோல் கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். அடியில் ஒழுகினால் மின்பகுப்பைத் திட்டாதீர்கள்: அந்த ஊசித்துளையை இதுவரை அடைத்துக்கொண்டிருந்தது கறள்தான். ஈயம் வைத்து அடைக்கலாம், தாங்கிக்குள் பெற்றோலோ அதன் ஆவியோ இருக்கும்போது மட்டும் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.