திசுவா, இழையமா?

பெருங்குடலிலிருந்து கிள்ளியெடுத்த சிறு துண்டைப் பற்றிய ஆய்வறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ‘திசு’ வந்துவிடும். ‘டிஷ்யூ’வின் ஒலியைத் தழுவிய சொல் அது. அதன் மூலம் பழைய பிரெஞ்சின் ‘திஸ்ஸு’. நெய்யப்பட்டது என்று பொருள். அதற்கும் பின்னால் நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வினை ‘டெக்ஸெரெ’ இருக்கிறது. ‘டெக்ஸ்ட்’ பிறந்ததும் அதே வினையில்தான். தமிழில் நெய்கிற நூலும் படிக்கிற நூலும் ஒரே சொல்லாக இருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

1801இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் பிஷா, உடலில் 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. 1819இல் ஜெர்மனியில் கார்ல் மேயர் ‘ஹிஸ்டாலஜி’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘ஹிஸ்டோஸ்’ என்றால் தறி, தறியில் நெய்தது. ஆக எந்த வழியில் போனாலும் நெசவில்தான் போய் நிற்கிறோம். ‘திசு’வில் அந்த நெசவு தமிழ்க் காதுக்குக் கேட்பதில்லை.

இலங்கைத் தமிழர் புழங்கும் ‘இழையம்’ அதைக் கேட்க வைக்கிறது. இழை நூலிழை, இழைதல் நெருங்கிக் கலத்தல். இழைய வளர்ப்பு, இழையவியல் என்று கிளைக்கவும் இடம் தருகிறது. இரத்தமும் ஒரு திசுதானே, அதில் இழை ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குறை பிரெஞ்சு மூலத்துக்கும் உண்டு.

குடல் புற்றுநோயை நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்தச் சொல்லின் பொருத்தம் கண்ணுக்கே தெரியும். வழக்கமான முறையில் துண்டை மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, சாயமிடுவார்கள். உட்கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். திசுவைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜனின் இழைகளும் இளஞ்சிவப்பு, தசையும் இளஞ்சிவப்பு. இழை தனியே எடுபடாது.

இரண்டாம் சீரிசை நுண்ணோக்கியில் சாயமே வேண்டாம். 800 நானோமீட்டர் லேசர் துடிப்பைக் கொலாஜனில் பாய்ச்சினால், இரண்டு ஒளித்துகள்களின் ஆற்றல் ஒன்றாகி 400 நானோமீட்டர் ஒளியாக வெளிவருகிறது. அலைநீளம் சரிபாதி. கொலாஜனின் மூலக்கூறு அடுக்கு மையச் சமச்சீர் இல்லாதது, அதாவது ஒரு மையப் புள்ளி வழியே எதிர்ப்பக்கம் திருப்பினால் பழையபடி பொருந்தாதது என்பதால்தான் இது நடக்கிறது. அதனால் இருண்ட பின்புலத்தில் கொலாஜன் இழைகளே எடுப்பாக ஒளிர்கின்றன.

நலமான பெருங்குடலின் உட்படலத்தை மேலிருந்து பார்த்தால் சுரப்பிக் குழிகளின் வாய்கள் வட்ட வட்டமாக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றையும் கொலாஜன் வளையம் சுற்றியிருக்க, மொத்தமும் தேன்கூடு மாதிரி. புற்று பரவிய இடத்தில் அந்த வளையங்கள் கோணிச் சிதைந்து, குழிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்து கிடக்கும். முதன்முறை இரண்டு படங்களையும் அருகருகே பார்த்தபோது, பாவும் ஊடும் பிரிந்த துணி என்றுதான் எனக்குத் தோன்றியது.

நோயை உறுதிசெய்வது இன்றும் பெரும்பாலும் சாயமிட்ட தகட்டை வைத்துத்தான். அந்த அறிக்கையில் நோயாளிக்குப் பழகிய ‘திசு’ இருக்கட்டும். கொலாஜன் படத்தை விளக்கும் கட்டுரையில் நான் ‘இழையம்’ என்றே எழுதுகிறேன். ‘இழையத்தில் இழைகள் கலைந்துள்ளன’ என்றால் அடுத்த வரியில் விளக்கம் தேவைப்படுவதில்லை.