சிரப் என்பதைப் பாகு என்போம்: தேனுக்கு மாற்றான பொருள்களின் பெயர் விளக்கம்

தேன் சேர்க்காத கேக் ஒன்றின் செய்முறையைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். தேவையான பொருள்களில் ‘வீகன் தேன், அரை கப்’ என்று இருந்தது. வீகன் என்றால் விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காதது. அது எந்தச் செடியிலிருந்து வந்தது, எவ்வளவு கெட்டி, எவ்வளவு இனிப்பு, புளிப்புத்தன்மை உண்டா என்று எதையும் அந்தப் பெயர் சொல்லவில்லை. அதை நம்பி மாவைக் கலந்தால் கேக் கல்லாகவும் போகலாம், நடுவில் வேகாமல் கூழாகவும் நிற்கலாம். தேனுக்கு மாற்றாக விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் சிரப் வகைகள்தான். அதற்குத் தமிழில் தெளிவான, பழகிய சொல் ஒன்று இருக்கிறது: பாகு.

சிரப் அரபு வழி வந்த சொல். குடித்தலைக் குறிக்கும் ‘ஷரிப’ என்ற வினையிலிருந்து பானத்தைக் குறிக்கும் ‘ஷராப்’ பிறந்தது. மருந்தை இனிப்புக் கரைசலில் கலந்து கொடுக்கும் அரபு மருத்துவ முறையோடு இச்சொல் இடைக்கால லத்தீனுக்குள் ‘சிருபஸ்’ என்று நுழைந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சிரப் ஆனது. அதே வேரின் இன்னொரு கிளை பாரசீகம் வழியாக நமக்கு வந்த சர்பத். ஆக, சர்பத்தும் சிரப்பும் உடன்பிறப்புகள். சிரப் என்றதும் நமக்கு இருமல் மருந்து நினைவுக்கு வருகிறதே, அது அந்தச் சொல்லின் வரலாற்றுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் ‘குடிப்பது’ என்ற வேர்ப்பொருளால் சமைப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. பாகு அப்படியல்ல. இனிப்பு நீரைக் காய்ச்சி, நீரை வற்றவைத்து, பிசுபிசுப்பான பதத்துக்குக் கொண்டுவந்தது என்ற செய்முறையே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சமைத்துப் பக்குவப்படுத்துதலைக் குறிக்கும் ‘பாகம்’ என்ற சொல்லுக்கு ஒலியிலும் பொருளிலும் அருகில் நிற்பது இது. நளபாகம் என்பதில் வருவது அந்தப் பாகம்தான். பகுத்தல் என்பதிலிருந்து வரும் பாகுபாடு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அறிவியல் தமிழும் பாகுவைக் கைவிடவில்லை. திரவம் ஓட மறுக்கும் தன்மைக்கு இயற்பியல் பாடநூல்கள் இட்ட பெயர் பாகுநிலை.

தேனையும் பாகையும் தமிழ் ஒன்றாகக் கருதியதும் இல்லை. நல்வழியின் கடவுள் வாழ்த்தில் ஔவையார் “பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும்” என்று வரிசைப்படுத்தி “இவை நாலும்” என்று எண்ணுகிறார். தேன் ஒன்று, பாகு இன்னொன்று. ‘தாவரத் தேன்’, ‘வீகன் தேன்’ என்று புதிதாகச் சொல் கட்டுவோர் இந்த எண்ணிக்கையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வீகன் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1944இல் பிரிட்டனில் டொனால்டு வாட்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் வெஜிடேரியன் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் ஒட்டி உருவாக்கியது. தமிழில் இதை நனிசைவம் என்கிறார்கள். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்பது தொல்காப்பிய இலக்கணம். சைவத்தை இன்னும் ஒரு படி கடந்தது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான முன்னொட்டு எனக்குத் தெரியவில்லை. சைவ உணவில் தேன் இருக்கலாம். நனிசைவத்தில் தேனீயின் உழைப்பில் வந்த தேனுக்கு இடமில்லை. அப்படியிருக்க ‘நனிசைவத் தேன்’ என்பது தன்னையே மறுக்கும் பெயர். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த தரமும் தேனீக்கள் உருவாக்கியதைத்தான் தேன் என்கிறது.

இனி ஒவ்வொரு பாகாகப் பார்ப்போம். பெயரில் அதிகக் குழப்பம் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: அகேவ்.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தத் தாவரப் பேரினத்துக்கு இட்ட பெயர், ‘மேன்மையான’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வணிகத்தில் இதன் பாகை ‘அகேவ் நெக்டர்’ என்று விற்கிறார்கள். நெக்டர் என்றால் பூவில் சுரக்கும் இனிப்பு நீர். தமிழில் அதையும் தேன் என்றே சொல்கிறோம். அகேவ் ஒரு கற்றாழை என்று எண்ணி, நெக்டரைத் தேன் என்று பெயர்த்தால் ‘கற்றாழைத் தேன்’ கிடைக்கிறது. இரண்டு பாதியும் தவறு. சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம். அகேவுக்குத் தமிழில் ஆனைக்கற்றாழை என்ற பெயர் முன்பே உண்டு. அந்த இனிப்பும் பூவிலிருந்து வருவதில்லை. செடியின் பருத்த நடுப்பகுதியின் சாற்றில் உள்ள, ஃபிரக்டோஸ் கோத்த சங்கிலிகளான இனுலினைச் சூட்டாலோ நொதியாலோ சிதைத்து, வற்றவைத்து எடுப்பது. ஆகவே ஆனைக்கற்றாழைப் பாகு என்பதே சரி. இதில் பெரும்பகுதி ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை என்பதால் இனிப்பு தூக்கல், அடுப்பில் விரைவில் சிவக்கும், குளிர்ந்த நீரிலும் சட்டென்று கரையும். தேனின் அளவுக்கே ஊற்றலாம். சமைக்காத சாலட் கலவைகளுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

மேப்பிளுக்குத் தமிழ்ப் பெயர் தேட வேண்டியதில்லை. நம் நிலத்தில் இல்லாத மரம் தன் பெயரோடே வரட்டும். மேப்பிள் பாகு போதும். மரத்தின் நீரில் சர்க்கரை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். 40 லிட்டர் அளவுக்குக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு தேறும். ஆனாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு நீர் மிச்சமிருக்கும். தேனில் நீர் 17, 18 விழுக்காடுதான். ஒரு கப் தேனுக்கு ஒரு கப் மேப்பிள் பாகு என்று மாற்றும்போது கணக்குப்படி சுமார் 3 மேசைக்கரண்டி நீர் கூடுதலாக உள்ளே போகிறது. செய்முறையில் உள்ள பாலையோ நீரையோ அந்த அளவு குறைக்க வேண்டும்.

பலர் தவறவிடும் விஷயம் புளிப்பு. நாவில் தெரியாவிட்டாலும் தேன் அமிலத்தன்மை கொண்டது. தேன் கேக்குகளில் சமையல் சோடா சேர்ப்பதற்கு அது ஒரு காரணம். அமிலமும் சோடாவும் சேர்ந்தால்தான் மாவு உப்பும். மேப்பிள் பாகில் அந்த அமிலம் கிட்டத்தட்ட இல்லை. சோடாவை அப்படியே விட்டால் வினைபுரியாமல் தங்கி, கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சரியாகிவிடும். தேன் செய்முறைகளில் அடுப்பின் சூடு ஏற்கனவே சற்றுக் குறைவாகவே இருக்கும், தேன் விரைவில் கருகும் என்பதால். மேப்பிளின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையின் அதே வகை. அதே சூட்டில் மேல்புறம் கொஞ்சம் வெளுத்தே இருக்கும். வேகவில்லை என்று எண்ணி மேலும் சுட்டு உலர்த்திவிடாதீர்கள்.

எலுமிச்சை இன்னொரு வேலையும் செய்கிறது. தேனீ தன் நொதியால் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சும்போது சில துளி எலுமிச்சை விட்டால் அமிலமும் சூடும் அந்த வேலையை ஓரளவு செய்கின்றன. பாகு ஆறிய பிறகு மணல்மணலாக உறைவதில்லை. கையில் வேறு எதுவும் இல்லாதபோது ஒரு கப் தேனுக்குப் பதில் ஒன்றேகால் கப் சர்க்கரையும் கால் கப் நீரும் கணக்கு.

பேரீச்சைப் பாகின் பெயரில் ஒரு அழகான சிக்கல் உண்டு. அரபியில் அது ‘திப்ஸ்’. அதன் உறவுச்சொல்லான எபிரேய ‘துவாஷ்’ தேனையும் குறிக்கும், பேரீச்சையின் இனிப்பையும் குறிக்கும். தமிழ் பிரித்து வைத்ததை அந்த மொழி சேர்த்து வைத்திருக்கிறது. கெட்டியில் தேனுக்கு நெருங்கிய பாகு இது. நிறமும் சுவையும் அழுத்தமானவை என்பதால் இஞ்சி, பட்டை, கொக்கோ சேரும் பண்டங்களுக்கு நல்லது. வெளிர்நிறக் கேக்குக்கு வேண்டாம்.

அரிசிப் பாகில் இனிப்பு சர்க்கரையில் பாதியளவுதான். விரலால் தொட்டு இழுத்தால் கம்பி நீளும். ஓட்ஸும் கொட்டைகளும் சேர்ந்த கட்டிகளைப் பிணைக்க இதற்கு இணையில்லை, கேக்குக்கு ஏற்றதல்ல. பதத்தைச் சொல்லத் தமிழில் பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று கைக்குத் தெரிந்த சொற்கள் இருக்கின்றன. செய்முறை எழுதுவோர் ‘திக் கன்சிஸ்டென்சி’யை விட்டு இவற்றை எழுதினால் எந்தப் பாகு எதற்குப் பொருந்தும் என்பது ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

மீதமிருப்பது மொலாசஸ். போர்த்துகீசிய ‘மெலாசோ’ வழி வந்த இதன் வேர் லத்தீன் ‘மெல்’, அதாவது தேன். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பின் எஞ்சும் பாகுக்குள்ளும் தேனின் பெயர் ஒளிந்திருக்கிறது. தமிழில் ஆலைகளின் வழக்கம் இதைக் கழிவுப்பாகு என்கிறது. ஆலைக்கு அது சரி. சாப்பிடும் பண்டத்தின் பொருள்பட்டியலில் கழிவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் கருஞ்சாற்றுப் பாகு என்று எழுதிவருகிறேன். கசப்பு கலந்த இனிப்பு; தேனைப் போலவே அமிலம் உண்டு என்பதால் செய்முறையின் சோடாவில் கைவைக்கத் தேவையில்லை. தேனின் அளவில் பாதியை மட்டும் இதால் மாற்றி, மீதிக்கு வேறு இளநிறப் பாகை ஊற்றுங்கள்.